காது கேட்காவிட்டால் செலவு யாருக்கு?



சில ஆண்டுகளுக்கு முன் என் முதலாம் படிவ வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கடைசிக்கு முந்திய வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். "அட்டவணையை வரையுங்கள்" என்று நான் சொன்னால், பக்கத்து மாணவனின் நோட்டை எட்டிப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பான். கேள்வி கேட்டால் சிரிப்பான். இல்லாவிட்டால் நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான். வகுப்பே சிரிக்கும். 'கவனக்குறைவு அதிகம்' என்று அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் எழுதினேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் அம்மா வந்தார். "வீட்லயும் இப்படித்தான் டீச்சர். நாலு தடவ கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்குறான். அடிக்கடி சளி பிடிக்கும். காது அடைச்சிருக்குன்னு சொல்லுவான்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனையில் சோதித்தபோது இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிந்தது. சிறிய சிகிச்சைதான். சில மாதங்களில் அதே மாணவன் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

ஆண்டின் பெரும்பகுதி அவன் என் பாடத்தைப் பாதிதான் கேட்டிருக்கிறான். கேட்காமல் போன அந்தப் பாதிக்கு யார் விலை கொடுத்தது? இன்றைய பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

காது கேட்கும் வழி

மூன்றாம் படிவ அறிவியலின் முதல் அத்தியாயத்தில் காதின் அமைப்பைப் படித்திருப்பீர்கள். அல்லது இனிமேல் படிப்பீர்கள். பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் அந்தப் பாடத்தைத் தமிழில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு. செவிமடல் அதைத் திரட்டிச் செவிக்குழாய்க்குள் அனுப்புகிறது. குழாயின் முடிவில் இருக்கும் செவிப்பறை அதிர்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிறிய எலும்புகள் வாங்கி உட்செவிக்குக் கொடுக்கின்றன. நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு இந்த அங்கவடிதான். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதற்குக் கோக்லியா என்று பெயர். அதனுள் திரவம் நிறைந்திருக்கிறது. திரவம் அசையும்போது, அதிலுள்ள மயிரணுக்கள் அசைந்து மின்குறிப்புகளை உண்டாக்குகின்றன. செவி நரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டு செல்கிறது. மூளைதான் அந்தக் குறிப்புகளை 'அம்மா' என்றும் 'மணி அடிக்கிறது' என்றும் புரிந்துகொள்கிறது.

இந்தப் பாதையில் எங்கே தடை ஏற்படுகிறது என்பதை வைத்துக் கேளாமையை இரண்டு பெரிய வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது கடத்தல் வகை. வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ ஒலி தடைபடுகிறது. காதுக் குறும்பி அடைத்துக்கொள்வது, நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது, சீழ் பிடித்துச் செவிப்பறையில் ஓட்டை விழுவது ஆகியவை இதில் அடங்கும். என் மாணவனுக்கு இருந்தது இந்த வகை. இதைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரிசெய்யலாம்.

இரண்டாவது நரம்பு வகை. மயிரணுக்களோ செவி நரம்போ பழுதாகிவிடுகின்றன. ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்களுடன் நாம் பிறக்கிறோம். வெட்டிய தலைமுடி வளரும். செத்துப்போன மயிரணு மனிதனுக்கு மீண்டும் வளர்வதில்லை. முதுமை, பெரும் இரைச்சல், சில மருந்துகள், மூளைக்காய்ச்சல், தாய் கருவுற்றிருக்கும்போது தாக்கும் ருபெல்லா அம்மை போன்றவை இந்த அணுக்களை அழிக்கின்றன.

'சத்தம் கேட்குது, பேச்சு வெளங்கல'

என் மாமா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, "மாமா, ஒரு தடவை காது டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்" என்றேன். "எனக்கு ஒன்னும் இல்லம்மா. நீங்க எல்லாம்தான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பேச்சில் அ, ஆ, உ, ஊ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை, பலமாகவும் இருக்கும். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் உயர்ந்த அதிர்வெண் கொண்டவை, மெலிதாக இருக்கும். இரைச்சலாலும் முதுமையாலும் கெடும் காதில் உயர்ந்த அதிர்வெண்ணைக் கேட்கும் மயிரணுக்கள்தான் முதலில் போகின்றன. எனவே காசு, காது, காடு என்ற மூன்று சொற்களில் 'கா' நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு வருவது என்ன என்பது தெரியாது. மூளை ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் கத்திப் பேசினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி தெளிவாகாது. அதனால்தான் கத்தக் கத்த அவர்கள் "ஏன் கத்துற?" என்று கோபப்படுகிறார்கள்.

ஒரு கணக்கேடு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகச் சுகாதார நிறுவனம் செவித்திறன் பற்றிய உலக அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குக் குறை உள்ளது. 2050-இல் இந்த 43 கோடி 70 கோடியைத் தாண்டிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

கவனிக்கப்படாத கேளாமையால் உலகம் ஆண்டுதோறும் இழப்பது 980 பில்லியன் அமெரிக்க டாலர். அந்தத் தொகை இப்படிப் பிரிகிறது:

மருத்துவத் துறைச் செலவு: 314 பில்லியன்
கல்வித் துறைச் செலவு: 27 பில்லியன்
வேலை, உற்பத்தி இழப்பு: 182.5 பில்லியன்
தனிமை, பேச்சுத் தொடர்பு இல்லாமை, அவமானம் போன்ற சமூக இழப்பு: 456.5 பில்லியன்

கால்குலேட்டரை எடுத்துச் சதவீதம் கண்டுபிடியுங்கள். மருத்துவம் 32, கல்வி ஏறத்தாழ 3, வேலை ஏறத்தாழ 19, சமூக இழப்பு ஏறத்தாழ 47 என்று வரும். முழு எண்ணாக்கியதால் கூட்டினால் 101 வருகிறதே என்று திகைக்காதீர்கள்.

எது பெரிது என்று பாருங்கள். மருத்துவமனை பில் பெரிதுதான். ஆனால் அதைவிடப் பெரிய தொகைக்கு பில்லே வருவதில்லை. யாரும் ரசீது தருவதில்லை என்பதால் அந்தச் செலவு நம் கண்ணுக்குப் படுவதில்லை. இந்த நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்வி: தஞ்சோங் பூங்காவின் பிள்ளைகள்

கல்விக்கு 3 விழுக்காடுதானா என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் தவறவிட்ட பாடம், பின்னாளில் கிடைக்காமல் போன வேலையாக வேறொரு வரியில் போய்ச் சேரும். இதைப் புரிந்துகொள்ள நம் பினாங்கிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

1954-இல் மலாயாவின் முதல் காதுகேளாதோர் பள்ளி பினாங்கில் தொடங்கப்பட்டது. தஞ்சோங் பூங்காவில் உள்ள அந்தப் பள்ளியில் பல மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அக்கால முறைப்படி வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வாயால் பேசவும்தான் கற்பித்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் பிள்ளைகள் கைகளால் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதை யாரும் கற்றுத் தரவில்லை. அவர்களுக்குள்ளேயே வளர்ந்த அந்தக் கைமொழிக்குப் பினாங்கு சைகை மொழி என்றே பெயர் வந்தது. இன்று நாட்டில் பரவலாக உள்ள மலேசிய சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சித் திரையின் மூலையில் கைகளால் செய்தி சொல்பவரைப் பார்த்திருப்பீர்களே, அந்த மொழிதான்.

அந்தப் பிள்ளைகள் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? மூளைக்கு மொழி வேண்டும். காது வழியாக வராவிட்டால் கண் வழியாகவாவது வர வேண்டும். இரண்டு வழியும் இல்லாமல் முதல் சில ஆண்டுகள் கடந்துவிட்டால், அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம்.

1998-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு இதை எடுத்துக் காட்டியது. பிறந்து ஆறு மாதத்துக்குள் கேளாமை கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழித் திறனில் நன்றாக இருந்தார்கள். அதனால்தான் மருத்துவர்கள் '1-3-6' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முதல் சோதனையைச் செய்துவிடலாம், வலி இல்லை.

வேலை: மூன்று டெசிபல் கணக்கு

கணக்கேட்டின் அடுத்த வரி வேலை. மாமா நின்ற இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் போவோம்.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். இந்த அளவுகோல் நாம் பழகிய அளவுகோலைப் போன்றது அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. எனவே 85-க்கும் 88-க்கும் வேறுபாடு சிறிது என்று எண்ணிவிடாதீர்கள்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பிலுள்ள இரைச்சல் விதிமுறைப்படி, ஒரு தொழிலாளி எட்டு மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலை ஏற்கக்கூடாது. 3 டெசிபல் கூடக் கூட, பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது:

85 டெசிபல்: 8 மணி நேரம்
88 டெசிபல்: 4 மணி நேரம்
91 டெசிபல்: 2 மணி நேரம்
94 டெசிபல்: 1 மணி நேரம்
97 டெசிபல்: 30 நிமிடம்
100 டெசிபல்: 15 நிமிடம்

அளவு மீறும் இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி காதுக் காப்புக் கொடுக்க வேண்டும். கேட்கும் திறனைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரைச்சலால் வந்த கேளாமை தொழில்சார் நோய் என்ற முறையில் சொக்சோ இழப்பீடு கோரவும் இடம் உண்டு.

மாமாவுக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள். "அதைப் போட்டா பக்கத்துல இருக்கிறவன் பேசுறது கேக்காது" என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டாராம். ஒரு நாள் கேட்காமல் இருப்பதைத் தவிர்க்கப் போய், பின்னர் ஒவ்வொரு நாளும் கேட்காமல் போனது. வேலையின் கடைசி ஆண்டுகளில் மேற்பார்வையாளராகும் வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். காரணத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கூட்டங்களில் பேசுவது புரியாது என்ற பயம் என்று பிறகுதான் அத்தை சொன்னார். உற்பத்தி இழப்பு என்று அறிக்கை சொல்லும் 182.5 பில்லியனுக்குள் இப்படி எத்தனை 'வேண்டாம்'கள் இருக்குமோ!

இது தொழிற்சாலைக் கதை, நமக்கு என்ன என்கிறீர்களா? உங்கள் காதில் இருக்கும் 'இயர்ஃபோன்' ஒரு சிறிய தொழிற்சாலை ஆகலாம். கைப்பேசியை முழு ஒலியில் வைத்தால் 100 டெசிபலை எட்டக்கூடும். பேருந்தில் கொம்தாரிலிருந்து பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்வதற்குள் 15 நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளையோர் ஆபத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலையில் பெரிய ஒலிபெருக்கியை ஒட்டி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காதில் 'ஙொய்' என்று ஓர் ஒலி இரவு முழுக்கக் கேட்கும். மயிரணுக்கள் களைத்துப் போனதன் அடையாளம் அது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் மீண்டும் மீண்டும் நடந்தால் நிலையான சேதம் ஏற்படும். இதற்கு இயற்பியல் ஓர் எளிய வழி சொல்கிறது. திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 என்றால், இரண்டு மீட்டரில் 94, நான்கு மீட்டரில் 88, எட்டு மீட்டரில் 82. தள்ளி நின்று கும்பிட்டாலும் முருகன் அருள் குறையாது.

மருத்துவம்: காதும் நினைவாற்றலும்

மருத்துவச் செலவு என்றால் காது மருத்துவரிடம் போகும் செலவு என்று நினைக்கிறோம். கேளாமை வேறு நோய்களோடும் தொடர்புடையது என்பதை ஆய்வாளர்கள் இப்போது கூர்ந்து பார்க்கிறார்கள். அவற்றுள் முக்கியமானது டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்.

2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆய்வுக்குழு, மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. நடுவயதில் வரும் கேளாமை அவற்றுள் ஒன்று. ஏன் இந்தத் தொடர்பு? ஊகித்து ஊகித்துக் கேட்பதிலேயே மூளை களைத்துவிடலாம். பேச ஆளில்லாமல் ஒதுங்கியிருப்பதால் மூளைக்கு வேலை குறையலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இங்கே ஓர் அறிவியல் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அதைச் சோதிக்கத்தான் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை இரு குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு குழுவுக்குக் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றதற்குப் பொதுவான உடல்நல அறிவுரைகள். 2023-இல் முடிவு வந்தது. எல்லாரையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது சிந்தனைத் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஏற்கனவே மறதிநோய் வரும் ஆபத்து அதிகம் இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது, கருவி பெற்றவர்களின் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 விழுக்காடு தணிந்திருந்தது. 'கருவி போட்டால் மறதி வராது' என்று இதற்குப் பொருள் இல்லை. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் தரக்கூடும் என்பதே இதன் பொருள். ஆய்வு முடிவை இப்படிக் கவனமாகப் படிக்கப் பழகுங்கள்.

பில் வராத செலவு

கடைசி வரி, மிகப் பெரிய வரி. இதற்கு எண்ணைவிட வீடுதான் நல்ல சான்று.

மாமா முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். கூட்டத்தில் பேச்சு விளங்காது. பிறகு கடைத்தெருவில் நண்பர்களோடு தேநீர் குடிக்கப் போவதையும் விட்டார். வீட்டில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார். பேரப்பிள்ளைகள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள். ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்லி அலுத்துப்போய், "ஒன்னுமில்ல, விடுங்க" என்று சொல்வது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. கேட்காதவருக்கு மிகவும் வலிக்கும் சொல் அந்த 'ஒன்னுமில்ல'தான். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, ஒருவர் காது கேட்காமல் போனால் செலவு அவருக்கு மட்டுமா? அத்தைக்கும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு, தாத்தாவின் கதைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மேற்பார்வையாளரை இழந்த தொழிற்சாலைக்கும் உண்டு.

சிகிச்சையின் விலை என்ன?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு நபருக்கு ஆண்டுக்கு 1.40 அமெரிக்க டாலருக்கும் குறைவாகக் கூடுதல் முதலீடு செய்தால் காது, செவித்திறன் சேவைகளை உலகெங்கும் விரிவாக்கலாம். ஒரு குவளை தே தாரிக்கின் விலைக்கு எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ 16 டாலர் பலன் திரும்பி வரும் என்கிறது அதே கணக்கு.

சிகிச்சை என்பது ஒன்றல்ல. பல படிகள் உண்டு.

மிக மலிவானது தடுப்பு. பிள்ளைகளுக்கு வரும் கேளாமையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தடுக்க முடியும். நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் உள்ள தட்டம்மை, புட்டாலம்மை, ருபெல்லா ஊசி பல காதுகளைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது எளிய மருத்துவம். குறும்பி அடைப்பு, சீழ், நீர் கோத்தல் ஆகியவற்றை நேரத்தோடு கவனித்தால் போதும்.

மூன்றாவது காது கேட்கும் கருவி. அதிலுள்ள ஒலிவாங்கி ஒலியை வாங்கும். சிறிய கணினிச் சில்லு ஒருவருக்கு எந்த அதிர்வெண் குறைவாகக் கேட்கிறதோ அதை மட்டும் பெருக்கிக் கொடுக்கும். அதனால்தான் ஒருவரின் கருவியை இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நான்காவது கோக்லியா பொருத்துதல். மயிரணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோனவர்களுக்கு, உட்செவிக்குள் மின்முனைகளை வைத்துச் செவி நரம்பையே நேராகத் தூண்டுவார்கள். செலவு மிக அதிகம். ஆனாலும் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இதை இலவசமாகச் செய்கிறார்கள். ஆறு வயது என்ற எல்லை ஏன் என்று கேட்டால், மொழிக்காக மூளை காத்திருக்கும் காலத்தைப் பற்றி மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது சைகை மொழி. இதை 'வேறு வழி இல்லாதவர்களுக்கு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது முழுமையான ஒரு மொழி. பல காதுகேளாதோர் தங்களைக் குறையுள்ளவர்களாக எண்ணுவதில்லை. வேறொரு மொழி பேசும் சமூகமாகவே எண்ணுகிறார்கள்.

இத்தனை இருந்தும், கருவியால் பயன்பெறக்கூடியவர்களுள் உலகில் 100-க்கு 17 பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். விலை ஒரு காரணம். நம் ஊரில் ஒரு கருவிக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகலாம். அதற்கு வழி உண்டு. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டி, பினாங்கு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். மாற்றுத் திறனாளியாகப் பதிந்தவர்கள் சமூக நல இலாகாவிடம் உதவிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். சொக்சோ சந்தாதாரர்கள் அங்கே கேட்கலாம்.

இன்னொரு காரணம் வெட்கம். மூக்குக் கண்ணாடி போட்டவரை 'படிச்சவர்' என்கிறோம். காதில் கருவி மாட்டியவரை 'செவிடு' என்கிறோம். இந்தச் செலவைக் குறைக்க ஒரு சென் கூடத் தேவையில்லை. நாம் வாயைத் திருத்திக்கொண்டால் போதும்.

மாமா கடைசியில் கருவி மாட்டிக்கொண்டார். முதல் வாரம் "தட்டு, கரண்டி எல்லாம் இடி மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்தார். பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழக நாளாகும். செவித்திறன் நிபுணரிடம் இரண்டு முறை போய் அளவை மாற்றிக்கொண்டு வந்தார். இப்போது பேத்தி மெதுவாகப் பேசினாலும் திரும்பிப் பார்க்கிறார். ஆனாலும் தாமதித்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

கைப்பேசி ஒலியை அறுபது விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள். காதுக்குள் பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி, சாவி எதையும் விடாதீர்கள். காது கேட்காதவரிடம் பேசும்போது முகத்துக்கு எதிரே, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். ஒரு முறை புரியாவிட்டால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். 'ஒன்னுமில்ல' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வகுப்பில் உங்கள் பக்கத்து நண்பன் அடிக்கடி "என்ன?" என்று கேட்கிறானா? ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களே அப்படிக் கேட்கிறீர்களா? இன்றே வீட்டில் சொல்லுங்கள். ஆசிரியர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவோம் என்று நம்பி இருக்காதீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. 'கவனக்குறைவு அதிகம்' என்று எழுதிய அந்த அறிக்கையை இப்போது திருத்தவும் முடியாது. அன்று கவனக்குறைவு என்னுடையது.

பயிற்சி

1. இளையோர் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 98 டெசிபலில் எவ்வளவு நேரம் கேட்கலாம்?

2. கடத்தல் வகைக் கேளாமைக்கும் நரம்பு வகைக் கேளாமைக்கும் இரண்டு வேறுபாடுகள் எழுதுக.

3. 977 பேரை இரு குழுக்களாகப் பிரிக்காமல், எல்லாருக்கும் கருவி கொடுத்திருந்தால் அந்த ஆய்வில் என்ன குறை ஏற்பட்டிருக்கும்?

4. உங்கள் வீட்டில் அல்லது தாமானில் கேட்கும் திறன் குறைந்த ஒருவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை என்று குறித்து, அவற்றில் எந்த எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருகின்றன என்று பாருங்கள்.

(முதல் கேள்விக்கு விடை: 80-லிருந்து 98 வரை ஆறு படிகள். 40 மணி நேரத்தை ஆறு முறை பாதியாக்கினால் 37 நிமிடம் 30 வினாடி. ஒரு வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான்.)